ஏரியல் கம்பம் நிமிர்த்த மூன்று வழிகள்: வன்னி நிலத்துக்கு எது பொருந்தும்?

கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ அமெச்சூர் வானொலிக்காரர் ஒருவர் தம் வளவில் ஏரியல் கம்பம் நாட்ட நினைத்தால், அவர் முன் மூன்று வழிகள் உள்ளன. அடியில் பிணைச்சல் வைத்த குழாய்க்கம்பத்தை நிலத்தில் கிடத்தி, எல்லாவற்றையும் பூட்டியபின் இழுத்து நிமிர்த்தலாம். சட்டகக் கோபுரத்தைத் துண்டு துண்டாகக் கப்பி கொண்டு ஏற்றலாம். பாரந்தூக்கி பூட்டிய லொறியான பூம் ட்ரக் பிடித்து ஒரே தூக்கில் நிறுத்தலாம். எது மலிவு என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். மார்கழியில் புயல் எச்சரிக்கை வரும் நாளில் அதை யார், எப்படி இறக்குவது என்பதே என் முதற்கேள்வி.

இழுத்து நிமிர்த்தும் முறையில் யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. ஆனால் அதன் கணக்கு பலருக்கும் பிடிபடுவதில்லை. 12 மீற்றர் நீளமும் 60 கிலோ எடையும் கொண்ட ஜீ.ஐ. குழாயின் நுனியில் 10 கிலோ ஏரியல் இருப்பதாகக் கொள்வோம். அடியிலிருந்து 8 மீற்றரில் கயிற்றைக் கட்டி, பிணைச்சலருகே நிறுத்திய 4 மீற்றர் உயரமான துணைக்கம்பத்தின் தலைவழியே இழுத்தால், கம்பம் நிலத்தை விட்டு எழும் கணத்தில் கயிற்றில் ஏறத்தாழ 135 கிலோ இழுவை விழும். துணைக்கம்பத்தை 2 மீற்றராகக் குறைத்தால் அது 250 கிலோவை நெருங்கும். மிகப் பெரிய பாரம் அந்தத் தொடக்கத்திலேயே வருவதால், நுனியை ஒரு மீற்றர் உயர்த்தி நிறுத்தி, ஒவ்வொரு முடிச்சையும் முளையையும் பார்த்தபின்பே தொடர வேண்டும். பக்கத்துத் தாங்கு கம்பிகளின் முளைகள் பிணைச்சலின் அச்சுக்கோட்டிலும் அதே மட்டத்திலும் இல்லாவிட்டால், கம்பம் எழ எழ ஒரு கம்பி இறுகும், மற்றது தொய்யும்.

கம்பம் நிமிர்ந்து வரும்போது ஆபத்து மறுபக்கம் மாறுகிறது. இழுக்கும் திசைக்கு எதிர்ப்புறம் பிடிக்கும் பின்கம்பியைக் கட்டாமல் நான் ஒருமுறை உழவு இயந்திரத்தால் இழுத்தேன். செங்குத்தைத் தாண்டிய கம்பம் இழுத்த திசையிலேயே சரிந்து, குழாய் பொருத்தில் மடிந்தது. கயிற்றின் இறுக்கம் இயந்திரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கைவின்ச் மெதுவானது, அதுவே அதன் நன்மை.

18 மீற்றருக்கு மேல் போக வேண்டியவர்களுக்குத் துண்டு துண்டாக ஏற்றும் முறை பொருந்தும். இங்கே மனிதர் மேலே நிற்கிறார். தூக்கும் கயிறு உச்சிக் கப்பியால் திரும்பி அப்படியே கீழே வருவதால், 18 கிலோத் துண்டைத் தூக்கினால் கப்பியில் 36 கிலோவும் அதற்கு மேலும் தொங்கும். கோபுர அடியில் இன்னொரு கப்பி பூட்டி, இழுப்பவர்களை விழும் எல்லைக்கு வெளியே நிறுத்த வேண்டும். நிரந்தரக் கம்பிகள் கட்டப்படும்வரை தற்காலிகத் தாங்கு கம்பிகள் இல்லாமல் அடுத்த துண்டை வைக்கக் கூடாது. பனையேறும் தம்பி ஒருவரை அழைத்து ஏற்றிவிடுவது நம்மூர் வழக்கம். அவருடைய திறமையில் குறையில்லை, ஆனால் பனையேற காலில் மாட்டும் தளைநார் பாதுகாப்புப் பட்டி ஆகாது.

பூம் ட்ரக் விரைவானது. ஆனால் மாரியில் வயல் மண் கால்தாங்கிகளை விழுங்கும். அடியில் கனத்த பலகை போட வேண்டும். புயல் எச்சரிக்கை நாளில் அது கிடைக்கும் என்று நம்புவதற்கில்லை.

எந்த வழியானாலும் நிலம் ஒன்றுதான். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரும்பு முளை உருவி வரும். முதிரைக் குற்றியைக் கிடையாகப் புதைத்து அதில் கட்டுவது நல்லது. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகத் தெரியாத காணியில் குழி தோண்டவே கூடாது. மின்கம்பி கம்பத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் இருக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களைத் தவிர்த்து, மாசி, பங்குனியில் விடியற்காலையில் வேலையைத் தொடங்குவது உத்தமம்.

7 மெகாஹேர்ட்ஸில் 20 மீற்றர் நீள இருமுனை ஏரியலை 12 மீற்றரில் கட்டினாலே இலங்கைக்குள் பேச அது தாராளம். 2020 டிசம்பரில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவிப் புயலை நினைத்தால், ஏற்றிய கயிற்றாலேயே மூன்று பேர் இறக்கக்கூடிய பிணைச்சல் கம்பத்தையே நான் தேர்வேன். துணைக்கம்பத்தைக் கழற்றாமல் பக்கத்திலேயே வைத்திருக்கலாம். கம்பம் படுக்க வேண்டிய அந்த 12 மீற்றர் கீற்றில் மட்டும் வாழை வைக்கக் கூடாது.