வாடி ரம் புர்தா வளைவு: கைட்டோட போன ஒரு நாள்

சித்திரையில ஜோர்தான் அகபாவில வேலை செய்யிற மச்சானைப் பாக்கப் போன நேரம் ஒரு நாள் ஒதுக்கி வாடி ரம் பாலைவனத்தில இருக்கிற புர்தா பாறை வளைவுக்கு ஏறினோம். பெதூயின் (பாலைவனத்து அரபு ஆக்கள்) கைட், ஜீப், பகல் சாப்பாடு எல்லாம் சேத்து புக் பண்ணினது. திருகோணமலையில இருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போற ஆக்கள் இருக்கிறதால விபரமா எழுதுறன்.

முதல்ல குறை. ஏழு மணிக்கெண்டு சொன்ன ஜீப் எட்டரைக்குத்தான் வந்தது. அந்த ஒண்டரை மணித்தியாலத்தால இறங்கேக்க உச்சி வெயில் பிடிச்சிட்டுது, நம்மட ஆடி மாசக் கச்சான் காத்து முகத்தில அடிக்குமே அப்பிடித்தான், ஆனா வேர்வை உடனுக்குடனே காஞ்சிடும், அதால தண்ணி குடிக்கோணும் எண்ட நினைப்பே வராது. அவங்க தந்த ரெண்டு சின்னப் போத்தல் காணாது, ஆளுக்கு மூண்டு லீட்டராவது கொண்டு போங்க.

ஆனா கைட் தங்கமான மனுசன். அங்க ஒழுங்கான பாதை இல்ல, சின்னக் கல்லுகளை அடுக்கி வச்சிருக்கிற அடையாளத்தைப் பாத்துப் பாத்துத்தான் ஏறணும். வளைவுக்குக் கிட்டப் போகேக்க ஒரு சரிவான பாறை வரும், கீழ பாத்தா வயித்தைக் கலக்கும். அதில கயிறு போட்டு, என்ர இடுப்பு முடிச்சை ரெண்டு தரம் இழுத்துப் பாத்து, "பாதம் முழுக்க வை, நுனிக்காலில நிக்காத" எண்டு அரபியில சொல்ல மச்சான் தமிழில சொன்னான். மணற்கல்லு, உரசினா கையில சிவப்பா மா மாதிரி ஒட்டும், ஆனா சப்பாத்து நல்லாப் பிடிக்கும். கைட் இல்லாம தயவுசெய்து போகாதீங்க.

வளைவு 35 மீட்டர் உயரமாம். சின்னனில இருந்து திருகோணமலை கோணேசர் மலையில இருக்கிற இராவணன் வெட்டை எட்டிப் பாத்து வளந்தவன் நான், அது பிளந்த பாறை, இது நடுவுக்க அரிச்சுப் போய் பாலமா நிக்கிற பாறை, அதுக்கு மேல நடந்தே போகலாம், நான் பாதி வரைக்கும் போய் அப்பிடியே குந்திட்டன், கண்ணுக்கெட்டின தூரம் முழுக்க சிவப்பு மணல். கடல் மட்டும் இருந்தா கோணேசர் மலைதான் எண்டு தோணிச்சு.

கீழ இறங்கினதும் பாறை நிழலில சுள்ளி பத்த வச்சு மரமியா எண்ட வாசனை இலை போட்டு ஒரு தேத்தண்ணி தந்தார், அந்த ருசி இன்னும் நாக்கில இருக்கு.

பிள்ளைகளோட போறவங்களுக்கு உம் ஃப்ரூத் வளைவு நல்லம், கயிறு தேவையில்ல, ஏற்றமும் கொஞ்சம்தான். வாடி ரம்முக்குள்ள போக 5 தினார், ஜோர்தான் பாஸ் (சுற்றுலா வாறவங்க எடுக்கிற அனுமதிச்சீட்டு) இருந்தா அதுவும் கட்டத் தேவையில்ல. முதல் நாள் இரவே கைட்டுக்கு கோல் எடுத்து விடிய ஆறு மணிக்கே வரச் சொல்லுங்க.