180 ரூபாய்க்கு மல்லிகைப்பூ எண்ணெய் கிடைக்காது: நம் கடற்கரைப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மகளிர் குழுக்களைத் தேடி ஒரு கூட்டம் வந்தது. "இயற்கை வாசனைச் சோப்பு, குளியல் பொடி, குளியல் எண்ணெய் செய்யக் கற்றுத் தருகிறோம். பொருளும் நாங்களே தருகிறோம். செய்து முடித்ததை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்றார்கள். ஆளுக்கு 4,500 ரூபாய் வாங்கினார்கள். இப்போது போனை எடுப்பதில்லை. அடுத்து கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் வகுப்பு நடத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே இருக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அவர்கள் வந்த நேரத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் இருக்காது. வீட்டிலிருந்தே கைத்தொழில் என்று யாராவது சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் காது அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்யும். நகையை அடகு வைத்துக் கட்டியவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதற்காகத்தான்.

கொடுத்த பெட்டியில் மூன்று பிளாஸ்டிக் பாட்டில். மல்லி எண்ணெய், வெட்டிவேர் எண்ணெய், சந்தன எண்ணெய். எல்லாம் "நூறு சதவீதம் பூவிலிருந்தும் வேரிலிருந்தும் எடுத்தது" என்று ஒட்டியிருந்தது. தீர்ந்துபோனால் 100 மில்லி 180 ரூபாய்க்கு அவர்களிடமே வாங்கிக்கொள்ளலாமாம்.

தங்கச்சிமடத்தில் மல்லி நாற்று போடுகிற எங்கள் பெரியம்மாவிடம் மல்லி பாட்டிலைக் கொடுத்தேன். தமிழ்நாட்டில் எங்கெங்கோ மல்லித் தோட்டம் வைக்கிறவர்கள் இங்கே வந்து நாற்று வாங்கிப் போவது உங்களுக்குத் தெரியும். பெரியம்மா ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலையில் சொன்னார்: "இது பூ இல்லத்தா. மல்லிக்கு அந்தியில ஒரு வாசம், விடியக்காலையில ஒரு வாசம். இது நேத்து எப்படி அடிச்சுச்சோ அப்படியேதான் அடிக்குது."

பெரியம்மாவின் மூக்கு சொன்னதைக் கணக்கும் சொல்கிறது. மல்லியை ஆவியில் வடித்து எண்ணெய் எடுப்பதில்லை. அந்தச் சூட்டில் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் மாதிரி ஒரு கரைப்பானில் பூவை ஊறவைத்து மெழுகு மாதிரி ஒன்றை எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு மிஞ்சிப்போனால் மூன்று கிலோ மெழுகுதான் வரும். அதைச் சாராயத்தில் கழுவி வாசனைச் சத்தைப் பிரித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும். பூ கிலோ 300 ரூபாய் என்றே வையுங்கள். 100 கிராம் சத்துக்குப் பூவுக்கு மட்டுமே குறைந்தது இருபதாயிரம் ரூபாய் ஆகிவிடும். அதை 180 ரூபாய்க்கு யார் தருவார்கள்? பாட்டிலில் இருந்தது ஆலையில் செய்த செயற்கை வாசனை.

வெட்டிவேரும் அப்படித்தான். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் பயிரிடுகிறார்கள். அந்த வேரை மணிக்கணக்காக ஆவியில் வைத்து வடித்தாலும் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ எண்ணெய் தேறுவதே பெரிது. நிஜமான வெட்டிவேர் எண்ணெய் பழுப்பாக, கெட்டியாக இருக்கும்; பாட்டிலைச் சாய்த்தால் மெதுவாகத்தான் இறங்கும். இவர்கள் தந்ததோ மண்ணெண்ணெய் மாதிரி ஓடியது. மூன்று பாட்டிலும் ஒரே ஓட்டம், ஒரே நிறம். ஸ்பிரிட்டில் விட்டுக் கலங்காமல் கரைந்தால் அசல் என்று வகுப்பில் செய்து காட்டினார்கள். அதை நம்பாதீர்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கலந்திருந்தால்தான் அதில் தெரியும். செயற்கை வாசனையும் அதை நீர்க்க வைக்கும் திரவங்களும் ஸ்பிரிட்டில் அழகாகக் கரைந்துவிடும்.

பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். குளியல் பொடியில் நடந்ததை விட முடியாது.

நம் ஊர்த் தண்ணீர் உப்பு. சோப்பு சரியாக நுரைக்காது. அதனால் பாசிப்பயறு மாவும் சீயக்காயும் இன்னும் பல வீடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. எங்கள் சின்னம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று வெயில் ஏறும்வரை தண்ணீரில் நிற்பார். இவர்கள் கொடுத்த பொடியைத் தேய்த்துக் குளித்துவிட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கழுத்திலும் கையிலும் சிவந்து, கொப்புளம் கட்டி, பிறகு கறுப்புத் திட்டாக நின்றுவிட்டது. தோல் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "பொடியில கார்போக அரிசி போட்டிருக்காங்களாம்மா?"

போட்டிருந்தார்கள், நிறையவே. பொடி வாசனையாக இருக்கவும் "நிறம் கூடவும்" அது வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். கார்போக அரிசி என்பது அரிசி இல்லை, ஒரு மூலிகைச் செடியின் விதை. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் அது பட்டபின் வெயில் பட்டால் புண்ணாகும். வெண்புள்ளி வைத்தியத்தில் அதை அளந்து கொடுத்து, அளந்து வெளிச்சம் காட்டுவதும் இந்தக் குணத்தால்தான். நலுங்கு மாவில் நம் பாட்டிமார் ஒரு சிட்டிகை சேர்த்திருக்கலாம். அவர்கள் பாசி எடுக்கும் பெண்ணுக்குத் தினமும் தேய்த்துவிடவில்லை. கடல் வேலைக்கும் உப்பள வேலைக்கும் கருவாடு காயப்போடவும் போகிறவர்கள் கார்போக அரிசி சேர்ந்த பொடியைத் தொடவே வேண்டாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய்க்கும் இதே குணம் உண்டு.

கஸ்தூரி மஞ்சள் என்று தந்ததும் சந்தேகம்தான். அசல் கஸ்தூரி மஞ்சள் வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், துணியில் கறை பிடிக்காது. இவர்களுடையது பளீர் மஞ்சள்.

சோப்பு விஷயம் சுருக்கம். கடையில் கிடைக்கும் சோப்பு பேஸை, அதாவது ஏற்கெனவே செய்து வைத்த சோப்புக் கட்டியை, உருக்கி அச்சில் ஊற்றச் சொல்லிவிட்டு, "கெமிக்கலே படாத கைச்சோப்பு" என்று விற்கச் சொன்னார்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு கிடையாது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக மாற 180 கிராமுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். அது எண்ணெயோடு சேர்ந்து மாறிவிடுகிறது. அந்த பேஸும் எங்கோ ஒரு ஆலையில் அப்படிச் செய்ததுதான்.

திரும்ப வாங்குவதாகச் சொன்னார்களே, அது என்னாயிற்று? முதல் பெட்டியை எடுத்துப் போனதும் "தரம் இல்லை, இன்னொரு பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்" என்றார்கள். அதோடு சரி.

உரிமம் கேட்டபோது காட்டியது உத்யம் பதிவுச் சான்றிதழ். அது யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையத்தில் பதிந்துகொள்ளும் சிறுதொழில் பதிவு. சோப்பு, குளியல் பொடி செய்து விற்க, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படியும் 2020 அழகுசாதன விதிகளின்படியும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தயாரிப்பு உரிமம் வேண்டும். லேபிளில் உரிம எண், தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி இருக்க வேண்டும். இவர்கள் பேச்சைக் கேட்டு நம் பெண்கள் ஊருக்குள் விற்றிருந்தால், வாங்கினவருக்குத் தோல் வெந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

வீட்டுக்குச் செய்வதானால் இவர்கள் எதற்கு? வெட்டிவேரைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, தேங்காய் எண்ணெயில் ஊறவிடுங்கள். நம் காட்டிலேயே பூக்கிற ஆவாரம்பூ, காய்ந்த பன்னீர் ரோஜா, பூலாங்கிழங்கு, பாசிப்பயறு போதும். வாசம் லேசாகத்தான் இருக்கும், அறை முழுக்க வீசாது. மல்லியை மட்டும் ஈரத்தோடு எண்ணெயில் போடாதீர்கள், கெட்டுப்போகும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பாட்டிலையும் பொடியையும் தூக்கி எறியாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குரல் பதிவு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் குழு எல்லோருமாகச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறோம். பாம்பனிலோ மண்டபத்திலோ ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதோடு வாருங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.