வே புரோட்டீனும் காரைக்குடிக் காலைப் பலகாரமும்

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் கோழி வறுவலைத்தான் நினைக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை அவர்கள் பார்த்ததில்லை போலும். இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி, கொடுத்துவைத்த நாளில் கத்திரிக்காய் கோசமல்லி. நாக்குக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஓர் இட்லியில் புரதம் இரண்டு கிராம் தேறினாலே பெரிது. பளு தூக்குகிற உடம்புக்கு நான்கு இட்லி எந்த மூலைக்கு?

பால் திரிந்தபின் பிரிகிற நீரிலிருந்து எடுக்கும் புரதப் பொடியான வே புரோட்டீனைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். என் எடை 72 கிலோ. 2018இல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதத்தைத் தாண்டினால் தசைக்குக் கூடுதல் பலன் தென்படவில்லை என்றது. அந்தக் கணக்கில் எனக்கு 115 கிராம். (சாதாரணமாக நடமாடுகிறவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்பது கிலோவுக்கு 0.83 கிராம்தான்.) காலை இட்லி, மதியம் 150 கிராம் மீனோ கோழியோ, சாம்பார், தயிர், மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் மூன்று முட்டை என்று கூட்டிப் பார்த்தால் 90 வந்துவிடுகிறது. துண்டு விழுவது 25. அது ஒரே ஒரு ஸ்கூப், அதாவது டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில் ஒன்று. நாளைக்கு மூன்று ஸ்கூப் என்று கடைக்காரர் சொல்வது டப்பா சீக்கிரம் காலியாக வேண்டும் என்பதற்காக.

எப்போது குடிப்பது என்பதில்தான் ஜிம்முக்கு ஜிம் சண்டை. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் தாண்டினால் எல்லாம் வீண் என்று மிரட்டுகிறார்கள். உண்மையில் பளு தூக்கிய தசை அதற்குப் பிறகு ஒரு முழு நாளாவது புரதத்தை வழக்கத்தைவிட நன்றாக எடுத்துக்கொள்கிறது. நான்கு மணிக்குச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்குப் பயிற்சிக்குப் போகிறவர், பொடி கலக்கும் ஷேக்கர் குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. சுண்டலின் புரதமே அப்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும். வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர் மட்டும் சற்று விரைவாகச் சாப்பிடுவது நல்லது. வெயில் காலத்தில் விடியுமுன்பே பயிற்சியை முடித்துவிடுவதால் எனக்கு அந்த ஸ்கூப் தானாகவே காலைப் பலகாரத்தோடு சேர்ந்துவிடுகிறது. மாலையில் பயிற்சி செய்கிற மாதங்களிலும் அதைக் காலையிலேயே வைத்திருக்கிறேன், குறை அங்கேதானே இருக்கிறது! தூக்கும் எடையில் இதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரே வேளையில் 30 கிராம் புரதத்துக்கு மேல் உடம்பு ஏற்காது என்பதும் அதே போன்ற வெறும் மிரட்டல்தான். 2023இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் பயிற்சிக்குப் பின் 25 கிராமும் 100 கிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். 100 கிராம் வீணாகவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்காக யாரும் நான்கு ஸ்கூப்பை ஒன்றாகக் கரைத்துக் குடிக்க வேண்டாம், வயிறு மன்னிக்காது.

கார்த்திகையில் மாலை போட்டால், அல்லது தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் என்றால், கணக்கு மாறிவிடுகிறது. மீனும் முட்டையும் நின்றுவிட்டால் 50 கிராம் ஒரேயடியாகக் காணாமல் போகிறது. அந்த நாட்களில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு ஸ்கூப் எடுப்பேன். வே பாலிலிருந்து வருவதால் வீட்டில் ஆட்சேபம் இல்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களை அடைத்து விற்கிற மாத்திரைகளில் கவனம் வேண்டும். கேப்சூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டுத் தோலிலும் எலும்பிலும், சில சமயம் பன்றியிலும் இருந்து எடுப்பது.

பி.சி.ஏ.ஏ. என்று தனியாக விற்கிற அமினோ அமிலப் பொடி பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் அது மூன்றுதான். மீதி ஆறு இல்லாமல் தசை எப்படிக் கட்டும்? அந்த மூன்றில் தசையைத் தூண்டுகிற லூசின், 25 கிராம் வே புரதத்திலேயே இரண்டரை கிராம் அளவுக்கு இருக்கிறது. தர்ப்பூசணிச் சுவையில் காசைக் கரைத்துக் குடித்தது போதும் என்று நிறுத்திவிட்டேன். ஒன்பதும் சேர்ந்த ஈ.ஏ.ஏ. அதைவிடத் தேவலை, அந்த விலைக்கு வேயே வாங்கலாம். இரவில் பாலின் இன்னொரு புரதமான, மெதுவாகச் செரிக்கிற கேசீன் எடுத்துப் பார்த்தேன், படுக்கும்போது வயிறு கல்லாகக் கிடந்தது.

புழங்கும்போது தெரிகிற சங்கதிகள் சில. கொதிக்கும் பாலில் பொடியைக் கொட்டினால் திரிதிரியாகப் பிரிந்து, கெட்டுப்போன பால்போல மிதக்கும். சத்து போகாது, குடிக்கத்தான் முடியாது. கரைத்த ஷேக்கரைச் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டியில் மறந்து வைத்தால், மாலையில் மூடியைத் திறக்க மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கான்சன்ட்ரேட் என்ற வகை வே வயிற்றை உப்பவைக்கும், கூடுதலாகச் சுத்திகரித்த ஐசோலேட்டில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. டப்பாவின் பின்பக்கம் பார்க்கும்போது கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்திருந்தால் நான் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஆய்வகத்தில் பொதுவாக நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து அந்த அளவை ஏற்றிக் காட்டிவிடலாம்.

2024இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, புரதப் பொடியையே தவிர்க்கச் சொல்கிறது. "உளுந்தங்கஞ்சி போதாதா, அப்பு?" என்று அப்பத்தாவும் அதையேதான் கேட்கிறார். உளுந்தில் புரதம் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 25 கிராம் புரதம் கிடைக்க நூறு கிராமுக்கு மேல் உளுந்து வேண்டும். எங்கள் பக்கத்து உளுந்து இனிப்பான கும்மாயமாகக் கிண்டினால் கருப்பட்டியும் நெய்யும் கூடவே வரும். ஆடியில் அதை விடுவதாக இல்லை, தினமும் முடியாது.

அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதியவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்பதால் காலையில் அரை ஸ்கூப் கொடுக்கிறோம். தொடங்கும் முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்த்துக்கொண்டோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. அவருக்குச் சுவையூட்டாத பொடி. மோரில் உப்பும் பெருங்காயமும் போட்டுக் கலக்கினால் குடித்துவிடுகிறார், சாக்லேட் என்றால் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்.