எக்ஸ்எஸ்டி டைப் இன்ஹெரிட்டன்ஸ்: பல வருடம் புழங்கியதில் தெரிந்தது

பில்லிங் சர்வீஸ்களுக்கு எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமா) எழுதுவது, அதிலிருந்து எக்ஸ்ஜேசி என்ற கருவி வழியாக ஜாவா கிளாஸ் எடுப்பது, இரண்டையும் பராமரிப்பது: பல வருடமாக இதுதான் என் வேலை. ஸ்கீமாவிலும் இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றை வருவிப்பது) உண்டு, ஜாவாவிலும் உண்டு, அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி இறங்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2001 முதலே எக்ஸ்எஸ்டியில் காம்ப்ளெக்ஸ் டைப்பை (உள்ளே எலிமெண்ட்களோ அட்ரிபியூட்களோ கொண்டதை) இரண்டு வழியில் வருவிக்கலாம்: எக்ஸ்டென்ஷன் (இருப்பதோடு சேர்ப்பது), ரெஸ்ட்ரிக்ஷன் (இருப்பதை இறுக்குவது). ஜாவாவின் எக்ஸ்டெண்ட்ஸ் போல இருப்பது முதலாவது. நம்பிப் பயன்படுத்தலாம். பேமெண்ட் என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் டைப், அதை நீட்டி கார்டு பேமெண்ட், வங்கிப் பேமெண்ட். வருகிற ஆவணத்தில் எக்ஸ்எஸ்ஐ:டைப் என்ற அட்ரிபியூட் எந்த டைப்பின் பெயரைச் சொல்கிறதோ அந்த கிளாஸின் ஆப்ஜெக்டையே ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லையும் ஜாவா ஆப்ஜெக்டையும் ஒன்றுக்கொன்று மாற்றும் லைப்ரரி) கையில் கொடுக்கிறது. கிளாஸைக் கையால் எழுதினால் மட்டும் எக்ஸ்எம்எல்சீஆல்ஸோ (சப்-கிளாஸ்களை ஜாக்ஸ்பிக்குச் சொல்லும் அனோட்டேஷன்) போட மறக்கக் கூடாது. ஒரே குறை, புதிய எலிமெண்ட்கள் எப்போதும் பேஸ் டைப்பின் எலிமெண்ட்களுக்குப் பின்னால்தான் வரும், நடுவில் நுழைக்க முடியாது. ஜாவா ஃபீல்டுகளுக்கு வரிசை கிடையாது, எக்ஸ்எம்எல்லுக்கு உண்டு.

ரெஸ்ட்ரிக்ஷன்தான் தலைவலி. பேஸ் டைப்பில் மின்னஞ்சல் எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவித்த டைப்பில் மேக்ஸ்அக்கர்ஸை (அதிகபட்சம் எத்தனை முறை வரலாம் என்பதை) 1 ஆக்குகிறோம். அதற்கே, வைத்துக்கொள்ள வேண்டிய மற்ற எலிமெண்ட்களையும் திரும்ப ஒருமுறை எழுத வேண்டும் (அட்ரிபியூட்கள் தானாக வந்துவிடும்). சரி, எழுதியாயிற்று. எக்ஸ்ஜேசி தரும் கிளாஸைத் திறந்தால் புதிதாக ஒன்றுமே இருக்காது. பேஸ் கிளாஸின் லிஸ்ட் அப்படியே வந்திருக்கும், அதில் மூன்று மின்னஞ்சல் சேர்த்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக எழுதும் மார்ஷலரில், ஸ்கீமாவோடு சரிபார்க்கச் சொல்லும் செட்ஸ்கீமா போடவில்லை என்றால் செல்லாத எக்ஸ்எம்எல் சத்தமில்லாமல் வெளியே போய்விடும்.

காரணம் எளிது. ரெஸ்ட்ரிக்ஷனில் வந்த ஒவ்வொரு மதிப்பும் பேஸ் டைப்புக்கும் செல்லும், அது உண்மையான உட்கணம். படிப்பதற்கு மட்டும் என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆப்ஜெக்டில் எழுதவும் முடியும் என்றால், பேஸ் கிளாஸ் கொடுத்த சுதந்திரத்தைச் சப்-கிளாஸ் திரும்பப் பிடுங்க முடியாது. எக்ஸ்டென்ஷனில் நேர் எதிர்: கூடுதல் எலிமெண்ட் உள்ள ஆவணம் எக்ஸ்எஸ்ஐ:டைப் இல்லாமல் பேஸ் டைப்பில் தேறாது, ஆனால் ஆப்ஜெக்ட் மாடலில் கச்சிதமாக உட்காரும்.

அதனால் இப்போது ரெஸ்ட்ரிக்ஷனை சிம்பிள் டைப்போடு (உள்ளே எலிமெண்ட் இல்லாத வெறும் மதிப்புகளோடு) நிறுத்திக்கொள்கிறேன். 6 இலக்க அஞ்சல் குறியீட்டுக்குப் பேட்டர்ன், பெயருக்கு மேக்ஸ்லெங்த். அங்கே அதை விட்டால் வேறு நல்ல வழியில்லை. காம்ப்ளெக்ஸ் டைப்களில் ஃபைனல் என்ற இடத்தில் ரெஸ்ட்ரிக்ஷன் என்று எழுதி அந்தக் கதவை மூடிவிடுகிறேன். ஜாவாவின் ஃபைனல் எல்லாவற்றையும் அடைக்கும், எக்ஸ்எஸ்டியில் ஒன்றை மட்டும் அடைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

அப்புறம், 2012-இல் வந்த எக்ஸ்எஸ்டி 1.1 பதிப்பின் அஸெர்ட் (நிபந்தனையை நேரடியாக எழுதும் வசதி) இருந்தால் இந்தக் கட்டுப்பாடுகளில் பாதியை இன்ஹெரிட்டன்ஸே இல்லாமல் எழுதிவிடலாம். ஆனால் ஜேடிகேயோடு (ஜாவா டெவலப்மெண்ட் கிட்) வரும் வேலிடேட்டரும் லிப்எக்ஸ்எம்எல்2 என்ற சி லைப்ரரியும் 1.0-ஐத்தான் ஆதரிக்கின்றன. எதிர்முனையில் இருப்பவர் எதை வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு அதில் கை வையுங்கள்.