கீ போட்டும் பாஸ்வேர்டு கேட்கிறதா? எந்தப் பக்கம் தேடுவது

இரண்டு லினக்ஸ் சர்வர்கள். ராத்திரி 2 மணிக்கு ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) வழியாக பேக்கப் போக வேண்டும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) பாஸ்வேர்டு கேட்காமலிருக்க கீ உருவாக்கியாயிற்று, அதன் பொதுப் பாதியான பப்ளிக் கீயை அந்தப் பக்கம் சேர்த்தாயிற்று. ஆனாலும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கிறது. பலரும் உடனே செய்வது, அனுப்பும் பக்கத்தில் எஸ்எஸ்எச் கட்டளையோடு விவரமாகக் காட்டச் சொல்லும் மூன்று 'வி' (-vvv) சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. நான் முதலில் திறப்பது வாங்கும் சர்வரின் லாக்.

மூன்று 'வி' வீண் என்று சொல்லவில்லை. எந்தக் கீ நீட்டப்படுகிறது என்பதை அதுதான் காட்டும். கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலை ரூட் (நிர்வாகி) பெயரில் ஓடினால், உங்கள் ஹோமில் இருக்கும் கீயை அது தேடவே தேடாது. அது அங்கே பளிச்சென்று தெரியும். பழைய சர்வர்களோடு வரும் ஆர்எஸ்ஏ (ஒரு கீ வகை) சிக்கலும் அப்படித்தான். 2021இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச் மென்பொருள்) 8.8, ஆர்எஸ்ஏ கீயின் பழைய எஸ்எச்ஏ-1 கையொப்பத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டது. சென்டோஸ் 6 மாதிரி பழைய சர்வருக்கு அது தவிர வேறு தெரியாது. இரண்டுக்கும் பொதுவான கையொப்ப முறை இல்லை என்று மூன்று 'வி' காட்டுவதில் ஒரு வரி வரும்.

ஆனால் கீ சரியாக நீட்டப்பட்டு, சர்வர் மறுத்தால்? ஏன் மறுத்தேன் என்று அது வாய் திறக்காது. சொன்னால், உள்ளே நுழையப் பார்ப்பவனுக்கும் அது துப்பாகிவிடும். ஒருமுறை இதே இடத்தில் இரண்டு மணி நேரம் கீயை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் சர்வர் லாகைத் திறந்தால் ஒரே வரி: ஹோம் டைரக்டரியின் பர்மிஷன் சரியில்லை. யாரோ அதற்கு 777 (யார் வேண்டுமானாலும் எழுதலாம்) கொடுத்திருந்தார்கள். கீ கோப்புக்கு 600, அதன் டைரக்டரிக்கு 700 என்று எல்லோரும் பார்ப்போம்; அதற்கு மேலே இருக்கும் ஹோமையும் சர்வர் சோதிக்கும் என்பது மறந்துபோகும். 755 (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்) ஆக்கியதும் கீ வேலை செய்தது.

உபுண்டுவில் இந்த லாக் ஆத்.லாக், ரெட் ஹேட் வகையில் செக்யூர். டெபியன் 12இல் கோப்பே இல்லாமல் இருக்கலாம், ஜர்னலில் பாருங்கள்.

லாகும் போதாவிட்டால், 2222 போர்ட்டில் இன்னொரு எஸ்எஸ்எச்டியை (சர்வர் பக்க எஸ்எஸ்எச் நிரல்) டீபக் முறையில் முழுப் பாதை கொடுத்து ஓட்டலாம். வழக்கமான 22 போர்ட்டில் ஓடுவதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. எல்லாவற்றையும் விட விவரமாகப் பேசும், ஆனால் ஒரே ஒரு இணைப்போடு முடிந்துவிடும். இதில் ஒரு பொறியும் உண்டு. எஸ்இலினக்ஸ் (கோப்புகளுக்கு லேபிள் ஒட்டி அணுகலைக் கட்டுப்படுத்தும் கூடுதல் காவல்) இருக்கும் சர்வரில், ரூட் ஷெல்லிலிருந்து கிளப்பிய எஸ்எஸ்எச்டிக்கு அதே கட்டுப்பாடு இருக்காது. 2222இல் கீ ஏற்கப்பட்டு 22இல் மட்டும் மறுக்கப்பட்டால், கோப்பின் லேபிளைச் சந்தேகப்படுங்கள். எஸ்எஸ்எச் டைரக்டரி மேல் ரீஸ்டோர்கான் (லேபிளைச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.