ரெண்டு நாள் டிசைன் கிளாஸ்: மொத நாளுக்கு தாராளமா காசு குடுக்கலாம், ரெண்டாவது நாளுக்கு யோசிக்கணும்

மொதல்லயே சொல்லிடறேன், நான் டிசைனர் கிடையாது. சிங்கப்பூர்ல ஜூரோங் பக்கம் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில அட்மின் வேல. ஆனா எங்க புளோக் ஆர்சில, அதாவது குடியிருப்பாளர் குழுவுல, பொங்கல், தீபாவளி எது வந்தாலும் போஸ்டர் என் தலையில தான் விழும், ஏன்னா ஒரு தடவ தெரியாத்தனமா பவர்பாயிண்ட்ல ஒண்ணு போட்டுக் குடுத்துட்டேன், அதுலேந்து நான் தான் அவங்களுக்கு "டிசைன் தெரிஞ்ச பொண்ணு". அதோட வீட்லேந்து ஊறுகாய் வேற போட்டு விக்கிறேன், மாங்காயும் இஞ்சியும் மட்டும். அந்த பாட்டில் லேபிளப் பாத்துட்டு எங்கம்மா "என்னடி இது, தைலம் மாதிரி இருக்கு"ன்னாங்க. அன்னிக்கி தான் முடிவு பண்ணேன், ஒழுங்கா யார்கிட்டயாவது போயி கத்துக்கணும்னு.

பூகிஸ் பக்கம் ஒரு கடைவீட்டுல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எடத்தோட பேரு வேண்டாம், பாதி பாராட்டப் போறேன் பாதி திட்டப் போறேன், எதுக்கு வம்பு. சனி ஞாயிறு ரெண்டு நாள், காலையில ஒன்பதரைலேந்து சாயந்திரம் அஞ்சரை வரைக்கும், 420 வெள்ளி. கத்துக்கறதுக்குன்னு கவர்மெண்ட் குடுக்கற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்ல அந்தப் பழைய 500 வெள்ளி தொடாமயே கெடந்துச்சு, அதுல கட்டிட்டேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்கு 2024 மே மாசத்துல குடுத்தாங்களே 4000 வெள்ளி, அது எல்லா கிளாசுக்கும் செல்லாது, அதுக்குன்னு தனி லிஸ்ட் இருக்கு. நான் அது தெரியாம மொதல்ல அதுலேந்து கட்டப் பாத்து அர நாள் வீணாப் போச்சு.

சரி, மொத நாள். கம்ப்யூட்டரே தொறக்கக்கூடாதுன்னுட்டாரு டிரெய்னர். அம்பது வயசத் தாண்டின சீனர், ரொம்ப வருஷம் விளம்பர கம்பெனில இருந்தவராம், குரல ஒசத்தவே மாட்டேங்கறாரு. எல்லாருக்கும் கத்திரிக்கோல், பசை, ஒரு கச்சேரி அறிவிப்பு ஆறு வரி, எல்லாம் ஒரே சைஸ், ஒரே கறுப்பு. அத வெட்டி ஒட்டி போஸ்டர் ஆக்கணும். மொத தடவ எடத்த மட்டும் தான் மாத்தலாம். ரெண்டாவது தடவ எழுத்த தடிமனாக்கலாம், வேற எதுவும் கூடாது. மூணாவது தடவ தான் சைஸ். கலர்ங்கற பேச்சே மதியம் மூணு மணிக்கு மேல தான் வந்துச்சு. எனக்கு கை அரிக்குது, ஏன்னா நான் போஸ்டர் போட்டா நாலு ஃபான்ட், அஞ்சு கலர், சுத்தி பார்டர், மூலைக்கு மூலை கோலம், இதெல்லாம் இல்லன்னா போஸ்டர் மாதிரியே தோணாது. ஆனா அந்த ஆறு வரிய வச்சு மூணு மணி நேரம் மல்லுக்கட்டின பெறகு ஒண்ணு பிடிபட்டுச்சு, ஒரு வரிய மத்ததுலேந்து கொஞ்சம் தள்ளி வச்சாலே போதும், கண்ணு மொதல்ல அங்க தான் போகுது. அதுக்கு பார்டர் தேவையில்ல, கலர் தேவையில்ல.

பழைய வேல ஏதாவது கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தாங்க, நான் போன வருஷ பொங்கல் போஸ்டர எடுத்துட்டுப் போனேன். அத செவுத்துல குத்தி வச்சு, எல்லாரையும் அறை ஓரத்துக்குப் போயி கண்ண இடுக்கிப் பாக்கச் சொன்னாரு. "என்ன தெரியுது?" கோலம் தெரியுதுன்னாங்க. "தேதி எங்க?" ஒருத்தருக்கும் தெரியல. நான் போட்ட போஸ்டர், எனக்கே தேதி எங்க இருக்குன்னு தேட வேண்டியதாப் போச்சு, வெக்கமா இருந்துச்சு. அவரு திட்டல, இத மட்டும் சொன்னாரு, எத மொதல்ல படிக்கணும், எத ரெண்டாவது, எத மூணாவதுன்னு முடிவு பண்ணிட்டு அப்பறம் மவுஸத் தொடு, நாலாவதா இருக்கறத படிக்கற பொறுமை பஸ் ஸ்டாப்புல யாருக்கும் இல்லன்னு. 420 வெள்ளில முக்கால்வாசி இந்த அஞ்சு நிமிஷத்துக்கே சரியாப் போச்சு.

மதியத்துக்கு மேல எழுத்தப் பத்தி. எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இது, நாசி பாடாங் சாப்ட்டுட்டு வந்தும் தூக்கம் வரல. வரிக்கு நடுவுல விடற எடத்துக்கு லெடிங்னு ஏன் பேருன்னா, ஈய எழுத்து காலத்துல வரிக்கு வரி நடுவுல ஈயப் பட்டைய செருகுவாங்களாம், லெட்னா ஈயம், அதான். இத்தன வருஷமா அத லீடிங்னு படிச்சிட்டு இருந்தேன். அப்பறம் பாயிண்ட், ஒரு அங்குலத்துல 72ல ஒரு பங்கு. ஆனா ரெண்டு ஃபான்ட்ட 12 பாயிண்ட்ல வச்சா ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா தெரியுதே, ஏன்? அந்த அளவு எழுத்தோட ஒசரம் கெடையாது, எழுத்து ஒக்காந்திருக்கற கட்டையோட ஒசரம். கட்டைக்குள்ள எழுத்த எவ்ளோ பெருசா வரையறதுங்கறது வரையறவரோட இஷ்டம். டைம்ஸ் நியூ ரோமன் 1932ல லண்டன் டைம்ஸ் பேப்பருக்காக வந்தது, ஹெல்வெட்டிகா 1957ல சுவிஸ்ல வந்ததுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காமிச்சாரு, ஒண்ணு ஏன் பேப்பர் மாதிரியும் இன்னொண்ணு ஏன் ஏர்போர்ட் போர்டு மாதிரியும் தோணுதுன்னு.

இப்ப திட்டு. இதெல்லாம் தமிழுக்கும் பொருந்துமான்னு கை தூக்கிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, எனக்குத் தெரியாதுன்னாரு. அவரு வேல பாத்த எடத்துல மொழிபெயர்க்கறவங்க அனுப்பற தமிழ படமா வாங்கி அப்டியே ஒட்டிடுவாங்களாம், படிக்கத் தெரிஞ்சவங்க ஆபீஸ்ல யாரும் இல்லையாம். ஒளிக்காம சொன்னதுக்கு மரியாத. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாலு ஆட்சிமொழி உள்ள ஊரு, கட்டட வேல நடக்கற எடத்துல எல்லாம் செவப்பு போர்டுல "அபாயம்"னு இருக்கு, இந்த ஊர்ல நடத்தற டிசைன் கிளாஸ்ல லத்தீன் எழுத்தத் தவிர மத்ததுக்கு ஒரு அர மணி நேரம் கூட இல்லன்னா என்ன அர்த்தம்? கொல்லத்துல 1578லயே தமிழ் எழுத்துல புத்தகம் அச்சடிச்சிருக்காங்க சார்னு சொன்னேன், அத நோட்டுல எழுதிக்கிட்டாரு பாவம்.

அதனால தமிழ்ல போஸ்டர் போடறவங்களுக்கு, நானா வீட்ல ஒக்காந்து முட்டி மோதி கண்டுபுடிச்சத இங்கயே கொட்டிடறேன். கிளாஸ்ல முக்கியமானத எல்லாம் கேபிட்டல்ல போடுன்னு சொல்லுவாங்க, நம்மகிட்ட கேபிட்டல் ஏது, தடிமன், சைஸ், எடம், இந்த மூணு தான் நமக்கு. எழுத்துக்கு நடுவுல எடம் விட்டா ஸ்டைலா இருக்கும்பாங்க, தமிழ்ல அத தொடவே தொடாதீங்க. என் ஊறுகாய் லேபிள்ல அப்டி விட்டுப் பாத்தேன், துணைக்கால் தள்ளிப் போயி தனியா நின்னு "ர" மாதிரி ஆகி, "மாங்காய்" இருந்த எடத்துல "மரங்கரய்"னு நிக்குது. வரி இடைவெளி இங்கிலீஷுக்கு விடறத விட கூட விடணும், மேல "கீ"யோட சுழி ஏறும், கீழ "மூ", "ழு" எல்லாம் எறங்கும், ரெண்டும் இடிச்சுக்கிட்டா நெரிசல் நேர எம்ஆர்டி ரயில் மாதிரி ஆயிடும். அப்பறம் வார்த்தையோட நீளம். இங்கிலீஷ்ல "வெல்கம்" போடற கட்டத்துல "அன்புடன் வரவேற்கப்படுகிறீர்கள்" எப்டி அடங்கும், உடனே எழுத்த சின்னதாக்கிடறோம், அதான் நாலு மொழி போர்டுல தமிழ் மட்டும் எறும்பு மாதிரி இருக்கறதுக்கு ஒரு காரணம்னு நெனைக்கிறேன். நான் இப்ப "வாங்க"ன்னு போட்டுடறேன், பெருசா, தடிமனா. முடியலன்னா அனெக் தமிழ்னு ஒரு ஃபான்ட் இருக்கு, இலவசம், அதுல ஒடுக்கமான வகையும் இருக்கு அகலமான வகையும் இருக்கு, எழுத்த இழுத்து நசுக்காம அதுலேந்து எடுத்துக்கலாம். கட்டமரன், முக்தா மலர், நோட்டோ செரிஃப் தமிழ், எல்லாமே கூகுள் ஃபான்ட்ஸ்ல சும்மா கெடைக்குது. கட்டமரன்னா நம்ம கட்டுமரம் தான், அதுல ஒல்லிலேந்து குண்டு வரைக்கும் ஒன்பது தடிமன். நாலு ஃபான்ட் எதுக்கு, ஒண்ணுலயே ரெண்டு தடிமன் போதும்.

ரெண்டாவது நாள் முழுக்க இல்லஸ்ட்ரேட்டர், படம் வரையற அடோபி சாஃப்ட்வேர். லேப்டாப் நம்ம தான் கொண்டு போகணும், ஏர்கான் ஜில்லுன்னு, ஜாக்கெட் இல்லாம போகாதீங்க. இந்த பட்டன் இதுக்கு, அந்த பட்டன் அதுக்குன்னு ஏழு மணி நேரம். சொல்லிக் குடுத்தது வேற ஆளு, சின்னப் பையன், நல்ல பையன் தான், ஆனா இதெல்லாம் வீடியோல இலவசமா இருக்கு, வேணுங்கற எடத்துல நிறுத்தி நிறுத்தி வேற பாத்துக்கலாம். மதியம் நான் "பொங்கல்"னு தமிழ்ல அடிச்சேன், கொம்பு "ப"வுக்கு முன்னாடி வராம பின்னாடி போயி ஒக்காந்துக்கிச்சு. பையன் முழிக்கிறான், ஃபான்ட் கெட்டுப்போச்சு அக்கா வேற போடுங்கன்றான். ஃபான்ட்ல ஒரு கோளாறும் இல்ல. ஈசூன் வீட்டுக்கு வந்து ராத்திரி நோண்டினேன், செட்டிங்ஸ்ல டைப்னு ஒரு பக்கம், அதுல ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்னு ஒரு டிக் போடணும், அப்பறம் பாராகிராஃப் பேனல் மெனுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்னு வர்ற கம்போசர, அதாவது எழுத்த கோக்கற முறைய, எடுக்கணும், அவ்ளோ தான், கொம்பு தானா முன்னாடி வந்து நின்னுச்சு. பக்கம் அமைக்கற இன்டிசைன்னா வேர்ல்டு ரெடி கம்போசர்னு இருக்கும். இந்த ரெண்டு கிளிக்க 420 வெள்ளி வாங்கினவங்க சொல்லியிருக்கணுமா இல்லையா?

பிரிண்டுக்குக் குடுக்கறதப் பத்தி கடைசி பத்து நிமிஷத்துல ஓடிட்டாங்க, அதுலயும் கோவம். வெட்டறதுக்காக ஓரத்துல 3 மில்லிமீட்டர் கூட விடணும், ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்கற மஞ்சள் பேப்பர்ல மங்கும்னு சொன்னதோட சரி. கோப்ப அனுப்பறதுக்கு முன்னாடி எழுத்த எல்லாம் அவுட்லைனா, அதாவது வெறும் வரைபடமா, மாத்தணும்னு சொல்லவே இல்ல. விளைவு, என் மொத லேபிள் ஒரு அச்சுக்கடைல கட்டம் கட்டமா வந்துச்சு, அவங்க மெஷின்ல அந்தத் தமிழ் ஃபான்ட் இல்ல. 200 ஸ்டிக்கர் குப்பைக்குப் போச்சு. மாத்தறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க, மாத்தினதுக்கு அப்பறம் எழுத்துப்பிழை திருத்த முடியாது.

மதிப்பெண் கேட்டா மொத நாளுக்கு 5க்கு நாலரை, ரெண்டாவது நாளுக்கு 2, அதுவும் அந்தப் பையன் எல்லாருக்கும் கோப்பி வாங்கிட்டு வந்ததுக்காக. மொத நாள மட்டும் தனியா தருவீங்களான்னு கேட்டுப் பாத்தேன், தர மாட்டாங்களாம். ஏற்கனவே சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க ரெண்டாவது நாள் லேட்டா போனாலும் நஷ்டமில்ல, ஆனா வருகைப் பதிவு இருக்கு, கிரெடிட்ல கட்டினா அதுல கண்டிப்பு. அடுத்த லெவலுக்கு நான் போகப்போறதில்ல.

ஊறுகாய் லேபிள் மாறிடுச்சு, வெள்ளைல பெருசா "மாங்காய்", கீழ சின்னதா தேதி, அம்மா ஒண்ணும் சொல்லல, அதுவே பெரிய விஷயம். பொங்கல் போஸ்டரும் புதுசா போட்டேன். நடுவுல "பொங்கல்", அதுக்குக் கீழ தேதியும் நேரமும், பாக்கியெல்லாம் காலி எடம். ஆர்சி அங்கிள் மூக்குக்கண்ணாடிய ஏத்திவிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "நல்லா இருக்கும்மா, ஆனா காசு குடுத்து பேப்பர் வாங்கிட்டு ஏன் இவ்ளோ சும்மா விட்டிருக்க, அந்த எடத்துல கமிட்டி மெம்பர் பேரெல்லாம் போட்டுடு, எல்லாம் ஒரே சைஸ்ல இருக்கணும், ஒருத்தருக்குப் பெருசா போட்டா இன்னொருத்தர் கோச்சுக்குவாரு." பதினாலு பேரு. போட்டேன். கோலமும் திரும்ப வந்துடுச்சு.