அவியல் ஆல்பம்: கேரளா எல்லையில களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கெடந்து கேட்டவன் எழுதுறது

மொதல்லயே சொல்லிடுறேன், இது சமையல் குறிப்பு இல்ல. திருவனந்தபுரத்துல 2003ல ஆரம்பிச்ச அவியல்னு ஒரு பேண்ட், மலையாளத்துல ஆல்டர்நேட்டிவ் ராக், 2008ல பேண்ட் பேரையே வச்சு ஒரு ஆல்பம் போட்டாங்க, மொத்தம் 8 பாட்டு. இவ்வளவு பழசுக்கு இப்ப எதுக்குடே ரிவ்யூன்னா, போன வாரம் பரண்ல தேங்கா சாக்குக்கு பின்னாடி அந்த சிடி கெடச்சுது. மூடி ஒடஞ்சு கெடக்கு. வாங்கின அன்னைக்கே ஒடஞ்சு தான் இருந்தது, மாத்தி தாங்கன்னு கேட்டதுக்கு கடைக்காரர் பாட்டு உள்ள தானே இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாரு. வீட்ல இப்ப சிடி ஓட்ட ஒண்ணும் கெடையாது, அதனால போன்ல தேடி எடுத்து ஒரு வாரமா மார்த்தாண்டம் பஸ்ல போகும்போதும் வரும்போதும் இதே தான் கேட்டேன்.

டோனி ஜான் பாட்டும் டர்ன்டேபிளும் (டிஜே கையால உரசுற அந்த ரெக்கார்டு தட்டு), ரெக்ஸ் விஜயன் கிட்டாரு, மிதுன் டிரம்ஸ், பேஸ் கிட்டாரு நரேஷ் காமத் (பாடகர் கைலாஷ் கேரோட கைலாசா பேண்ட்ல வாசிச்சாருல்ல, அவரு தான்). ஆரம்பத்துல பாடினது ஆனந்தராஜ் பெஞ்சமின் பால். ரெக்ஸ் அதுக்கு முன்னாடி கொச்சி மதர்ஜேன் பேண்ட்ல வாசிச்சவரு. அதே 2008ல தான் மதர்ஜேனோட மக்தூப் ஆல்பமும் வந்துது, அது இங்கிலீஷ் பாட்டு, கிட்டார் மட்டும் கர்நாடக சங்கீதம் மாதிரி வளையும். ஹாஸ்டல்ல ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு சண்டை போடுவோம், ராக்னா இங்கிலீஷ்ல பாடினா தான் ராக்குன்னு ஒரு கூட்டம், மலையாளத்துல கத்தினா கேக்க நல்லா இருக்குமான்னு அவனுவளுக்கு சந்தேகம். நான் மலையாளி இல்ல, ஆனா அவியல் பக்கம் நின்னேன், ஏன்னு அப்ப எனக்கே சொல்லத் தெரியல.

இப்ப தெரியும். இந்த ஆல்பத்துல பாதி வார்த்தை நம்மது.

நட நட பாட்ட எடுங்க, 2003லயே வந்துட்டது, பேண்ட வெளிய தெரிய வச்சதே அது தான். நட-ன்னா நட தான், அதுக்கு டிக்‌ஷ்னரி பாக்க வேண்டாம். ரிஃப் ஒண்ணு, திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு, கனமா விழும், அது மேல அந்த வார்த்தை அடி அடியா வைக்கும், பஸ்ல கேட்டுட்டு இருக்கும்போது குழித்துறை பாலத்துல டிராபிக்ல நின்னுட்டோம்னா எறங்கி நடந்துரலாம் போல இருக்கும். அப்புறம் ஞான் ஆரா. ஸ்கூல்ல வாத்தியாரு எங்கள ஞான்னு சொல்லாத நான்னு சொல்லுன்னு எத்தனை நாள் திருத்தியிருப்பாரு, விளவங்கோடு பக்கம் எங்க பாட்டியெல்லாம் சாவுற வரைக்கும் ஞான்னு தான் சொன்னா. வீட்ல மட்டும் பேசுற அந்த பேச்சு டிஸ்டார்ஷன் கிட்டார் மேல ஏறி ஸ்பீக்கர்ல வருது, மொத தடவ கேட்டப்ப சிரிச்சிட்டேன், ரெண்டாம் தடவ சிரிக்கல.

ஆனா இந்த ஆல்பம்னா எனக்கு ஆடு பாம்பே தான். அது கேரளாவோட துறவி நாராயண குரு எழுதின குண்டலினிப் பாட்டு. வரி பாருங்க, ஆடு பாம்பே புனம் தேடு பாம்பே அருளானந்தக் கூத்து கண்டாடு பாம்பேன்னு வரும், இதுல எது மலையாளம் எது தமிழ்னு பிரிச்சு சொல்லுங்க பாப்போம். நம்ம பாம்பாட்டிச் சித்தர் படிச்சவங்களுக்கு ஒடனே மணி அடிக்கும், அவருக்கும் ஆடு பாம்பே தான் முடிவடி. குருவுக்கு தமிழ் நல்லா தெரியும், தமிழ்ல தேவாரப் பதிகங்களே எழுதியிருக்காரு, தவம் இருந்தது எங்க கன்னியாகுமரிக்கு இப்பால மருத்துவாழ் மலை குகையில. (பாம்பாட்டிச் சித்தர் குகைன்னு காட்டுறது கோயமுத்தூர் மருதமலையில. ரெண்டு மலையையும் ஒண்ணுன்னு நெனச்சு குழம்புற ஆளுங்க உண்டு, நானும் ரொம்ப நாள் அப்பிடித்தான் நெனச்சிருந்தேன்.)

இத எங்க பாட்டாவுக்கு (தாத்தாவ அப்பிடித்தான் கூப்பிடுவோம்) இயர்போன மாட்டி கேக்க வச்சேன் ஒரு நாள். அவரு 1956ல குமரி தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி மலையாளத்துல படிச்சவரு, சாவுறவரை கணக்கு நோட்டு மலையாள எழுத்துல தான். அவருக்கு இந்த பாட்டு மனப்பாடம், சின்ன வயசுல குரு சிவலிங்கம் வச்ச அருவிப்புறத்துக்கு கூட்டிட்டு போகும்போது கேட்டதுன்னு சொல்லுவாரு. ஒரு நிமிஷம் கேட்டாரு, மூஞ்சி சுளிஞ்சுது. "எதுக்குடே பாட்டுக்கு நடுவுல இந்த தகரத்த தட்டுறான்?" அது தகரம் இல்ல பாட்டா டிரம்ஸுன்னேன். இயர்போன கழட்டி என் கைல தந்துட்டு வெத்தல மடிச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, பாட்டு போயிட்டு தான் இருந்தது என் காதுல, இவரு பைய அந்த வரிய முணுமுணுக்காரு, ஆனா அவரோட பழைய மெட்டுல இல்ல, இவனுவ பாடின வேகத்துல. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா நிறுத்திருவாரு.

கருகர பாட்டும் சொல்லணும், காவாலம் நாராயண பணிக்கர் வரி, மலையாள டைரக்டர் அரவிந்தனோட கும்மாட்டி படத்துல 1979லயே வந்தது. கார்மேகத்த கொம்பன் யானையா நெனச்சு பாடுறது. எடவப்பாதி மழை தொடங்குற நேரம் மேக்க இருந்து கருத்துக்கிட்டு வரும் பாருங்க, அப்ப இத போட்டா வேற ஒண்ணும் வேண்டாம். படத்துல கேட்டவங்களுக்கு இவங்க செஞ்சது பிடிக்காம போகலாம், நாடன் பாட்ட (நாட்டுப்புறப் பாட்டு) கரண்ட்ல போட்டு பொசுக்கிட்டானுவன்னு எங்க காலேஜ்ல ஒரு சார் திட்டினாரு. அந்த பேச்சுல கொஞ்சம் நியாயம் உண்டு, ஏன்னா சில எடத்துல பாட்டோட வரி கீழ போயி கிட்டாரு மட்டும் நிக்குது. வார்த்தைக்காக கேக்குற என்ன மாதிரி ஆளுக்கு அது எரிச்சல்.

கொறைய மறைக்க வேண்டாம்ல, அந்த டர்ன்டேபிள் உரசுற சத்தம் 2008ல புதுசு, இப்ப கேட்டா கல்யாண வீட்ல டிஜே மைக்க போட்டு சோதிக்கிற மாதிரி இருக்கு. அரிகுருக, ஆரண்ட ரெண்டு பாட்டும் எனக்கு ஒட்டவே இல்ல, தாண்டி போயிருவேன், எத்தனை வருஷம் ஆனாலும். செக்கேலே பாட்டு ராத்திரிக்கு, விளக்க அணைச்சுட்டு கேட்டா நல்லா இருக்கும், பகல்ல சுமார்.

ஆல்பத்த போட்டது பம்பாய் கம்பெனி, ஃபேட் ஃபிஷ். வேலைக்கு பெங்களூர்ல இருந்தப்ப ஆபீஸ்ல ஒரு டெல்லி பையன் ஒரு எழுத்து புரியாம நட நட கத்திட்டு திரிவான், அவனுக்கு அது வித்தியாசமான சவுண்டு, அவ்வளவு தான். கேரளாவுல அது பெருமை, எங்க மொழியிலயும் முடியும்னு. அதுக்கப்புறம் 2011ல சால்ட் அண்ட் பெப்பர் படத்துல இவங்க பாட்டு வந்தது, அதே வருஷம் ரெக்ஸ் சாப்பா குரிசு படத்துக்கு மியூசிக் போட்டாரு, பின்னாடி தைக்கூடம் பிரிட்ஜ் மாதிரி பேண்டுங்க வந்துது, மலையாள ராக்குன்னா யாரும் மொகத்த சுளிக்கிறதில்ல இப்ப. நம்ம பக்கம் 2018ல சென்னை பேண்ட் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறினப்ப தான் எனக்கு அதே மாதிரி ஒரு உடம்பு சிலிர்ப்பு வந்துது, ஆனா அது கானா, வேற ஊரு, வேற கோவம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு அவியல் தான் கிட்ட. ரெண்டு அரசாங்க பஸ்ஸுலயும் ஏறி எறங்குறவன் காதுக்குன்னே செஞ்சது மாதிரி.

மார்க்கு கேட்டா 8ல 5 பாட்டு காசுக்கு வொர்த்து, ஆடு பாம்பே ஒண்ணு மட்டும் இருந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். நல்ல இயர்போன்ல கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல போட்டா பேஸே கேக்காது.

அம்மா நேத்து அந்த சிடிய எடுத்து வெயில்ல திருப்பி திருப்பி பாத்துட்டு, இத பயறு பந்தல்ல கட்டி தொங்க விட்டா கிளி வராதுல்லன்னு கேட்டா. வேற சிடி தாரேன்மா, இத வச்சிருன்னு வாங்கி வச்சிருக்கேன். வேற சிடி வீட்ல இருக்கான்னு தான் இப்ப தேடிட்டு இருக்கேன்.